காணாமல் போன பதினெட்டு வாட்

"மூணு வருஷமா ஒரே ஒரு தாள்ங்க," என்றாள் த்ரிசலா.

"கேக்கணும்."

"கேக்கணும்னு எனக்கும் தெரியும். எப்போ கேப்பீங்க?"

"நேரம் பாத்துக் கேக்கணும் த்ரிசலா. எங்க ஆபீஸ்ல எதக் கேட்டாலும் எதுக்குக் கேக்கறன்னு கேப்பாங்க."

"பொண்டாட்டி கூட இருக்கறதுக்குன்னு சொல்லுங்க. அதுல இன்னா தப்பு?"

"தப்பு இல்ல. ஆனா சந்தேகப்படுவாங்க."

த்ரிசலா முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, தோளில் இருந்த பையை இறக்கி வைத்தாள். "இந்த வருஷம் நான் ஞாபகப்படுத்த மாட்டேன். நீங்களா வாயத் தொறந்து கேக்கணும். இல்லன்னா எங்கம்மாவக் கூட்டிகினு போயி அங்கயே ஒரு வீடு பாத்துடுவேன். ரெண்டு ஊர்ல ரெண்டு குக்கர் விசிலடிச்சது போதும்."

ஜூன் முதல் ஞாயிற்றுக்கிழமை, திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில், மதுரை பஸ் கிளம்புவதற்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது நடந்த பேச்சு இது. த்ரிசலா விளாத்திகுளம் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். நிர்மல் திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். மாவட்டம் விட்டு மாவட்டம் மாறுவதற்கான ஆசிரியர் கலந்தாய்வு வருடத்துக்கு ஒரு தடவை வரும். கணவன் இன்ன ஊரில் வேலை செய்கிறான் என்று அவனுடைய அலுவலகத் தலைவர் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் மனைவிக்கு முன்னுரிமை உண்டு. அந்தத் தாளை இணையதளத்தில் ஏற்றக் கடைசி நாள், வருகிற வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி.

இருவருக்கும் சொந்த ஊர் வந்தவாசிப் பக்கம். சமணக் குடும்பங்கள், பொழுது சாயும் முன்பு சாப்பிட்டு முடிப்பது வழக்கம். தினமும் மாலை ஆறு மணிக்கு அவன் இங்கே ஒரு சொம்பில் போனைச் சாய்த்து வைப்பான். அவள் அங்கே ஒரு சொம்பில் சாய்த்து வைப்பாள். இருவரும் அப்படித்தான் சேர்ந்து சாப்பிட்டார்கள். சமீப காலமாக அதிலும் ஒரு சிக்கல் வந்திருந்தது. ரசம் வைத்தேன் என்று அவள் சொன்னால், கரண்டியைத் தூக்கிக் காட்டு என்று அவன் கேட்க ஆரம்பித்திருந்தான்.

"ஆபீஸ் உங்களுக்குள்ள வந்து உக்காந்துருச்சு," என்றாள் த்ரிசலா ஒருநாள்.

அது உண்மைதான். அந்த அலுவலகத்தின் பெயர் அரசுப் பொருள் நம்பக உறுதி மையம். மற்ற அலுவலகங்கள் வாங்கும் நாற்காலி, பூட்டு, ஸ்டேப்ளர் போன்றவை உண்மையிலேயே நாற்காலி, பூட்டு, ஸ்டேப்ளர்தானா என்று சரிபார்ப்பது அதன் வேலை. வாடகைக் கட்டடத்தின் மாடிப்படியில் பச்சைப் பெயின்டில் எழுதியிருந்தார்கள்: 'முதலில் சந்தேகி. பிறகு சரிபார். அதன் பிறகும் சந்தேகி.' படியேறும் ஒவ்வொருவரும் மூன்றாவது வரி வரும்போது கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொள்வார்கள். சுவர் ஆடும்.

மையத்தின் துணை இயக்குநர் ராஜமாணிக்கம். நிர்மல் வேலைக்குச் சேர்ந்த அன்று அவனை எதிரில் நிற்கவைத்து அவர் சொன்னது இதுதான்: "தம்பி, நான் யாரையும் நம்பறது இல்ல. அதுல ஜாதி, மதம், ஆம்பள, பொம்பளன்னு எந்தப் பாகுபாடும் என்கிட்ட கெடையாது. எல்லாரையும் சமமா சந்தேகப்படறேன். முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ். ஒருதடவை என் கையெழுத்த நானே சந்தேகப்பட்டு எனக்கே மெமோ குடுத்திருக்கேன். பதில் திருப்தியா இல்ல."

இப்படிப்பட்ட இடத்தில் யாரும் எதையும் கேட்பதில்லை. ராஜா என்று முன்பு ஓர் உதவியாளர் இருந்தார். தங்கை கல்யாணத்துக்கு மூன்று நாள் லீவு கேட்டார். தங்கை இருப்பதற்கு ஆதாரம் கேட்டார்கள். ஆதாரம் கொடுத்தார். அது அதே தங்கைதானா என்று கேட்டார்கள். லீவு அனுமதி வந்தபோது அந்தத் தங்கையின் இரண்டாவது குழந்தைக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் அதே ராஜாவுக்கு இன்னொன்றும் நடந்தது. ஒரு பூட்டு விசாரணையில் சாட்சி சொல்லும்போது, 'ஃபேன் கீச்சுகீச்சுன்னு கத்துது சார், நீங்க கேக்கறது காதுல விழல' என்று சொல்லிவிட்டார். அதுவும் பதிவேட்டில் ஏறிவிட்டது. நடைமுறை விதி பதினான்கு ராஜமாணிக்கமே எழுதியது: விசாரணையில் சொல்லப்படும் எதையும் பதிவு செய்யாமல் விடக்கூடாது, பதிவு செய்த எதையும் அன்றே தீர்க்காமல் பதிவேட்டை மூடக்கூடாது. அன்று சாயங்காலமே பண்டகக் காப்பாளர் வல்லரசு நாற்காலி மேல் ஏறி ஃபேனுக்கு எண்ணெய் விட்டார். அந்த ஆண்டு மையத்தில் நடந்த ஒரே பழுதுபார்ப்பு அதுதான்.

நிர்மல் அன்று அங்கேதான் இருந்தான். நாற்காலியைப் பிடித்துக்கொண்டதே அவன்தான். ஆனாலும் அவனுக்கு அதில் எதுவும் தோன்றவில்லை.

அவன் வேறொரு திட்டம் போட்டிருந்தான். திங்கட்கிழமை, யாரும் பார்க்காதபோது, மையத்தின் ஒரே கணினியில் அந்தச் சான்றைத் தட்டச்சு செய்வது. அன்றாடக் கையெழுத்துக் கோப்பில் பன்னிரண்டாவது தாளாகச் செருகுவது. ராஜமாணிக்கம் முதல் ஐந்து தாளைச் சந்தேகத்தோடும், அடுத்த ஐந்தை அலுப்போடும், மிச்சத்தைப் பசியோடும் கையெழுத்துப் போடுவார் என்பது ஏழு வருட அனுபவம். யாரிடமும் எதையும் கேட்கவேண்டியிருக்காது.

திங்கட்கிழமை பதினொன்றரைக்கு நிர்மல் கணினியை ஆன் செய்தான். 'டப்' என்று ஒரு சத்தம். கருகிய வாசனை. திரை கறுத்துப்போனது.

"யாரும் எதையும் தொடாதீங்க!" என்று கத்தியபடி வல்லரசு சாக்பீசோடு ஓடிவந்தார். கணினியைச் சுற்றித் தரையில் வட்டம் போட்டார். வட்டத்துக்குள் நிர்மலின் இடது செருப்பும் மாட்டிக்கொண்டது. அதை விசாரணை முடியும்வரை எடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

மதியத்துக்குள் நிர்மலுக்கு ஒரு கேள்விப் பட்டியல் வந்தது. சத்தம் வந்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்? வாசனை வந்தபோது உங்கள் மூக்கு எந்தத் திசையில் இருந்தது? கணினியை அன்று ஏன் ஆன் செய்தீர்கள்? கடைசிக் கேள்வியில்தான் அவன் திணறினான். 'வேலை செய்வதற்காக' என்று எழுதினான். கண்காணிப்பாளர் சந்திரம்மாள் அதைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்ப்பா நிர்மல், இப்படி எழுதுனா ஜாஸ்தி சந்தேகப்படுவாரே."

"வேற இன்னா மேடம் எழுதறது?"

"'வழக்கப்படி'ன்னு எழுது. வழக்கத்த யாரும் கேக்க மாட்டாங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "உன் சம்சாரம் எப்ப வர்றாங்க? ஏழு வருஷமா போட்டோலதான் பாக்கறேன். ஆபீஸ்ல ஒரு பேச்சு இருக்கு, அந்த மாதிரி ஒருத்தங்க இருக்காங்களான்னு."

செவ்வாய்க்கிழமை, திருவூடல் தெருவில் கணினிக் கடை வைத்திருக்கும் கோபி வந்தான். முப்பது வயது. எதற்கும் அவசரப்படாதவன். சாக்பீஸ் வட்டத்துக்குள் நுழைய அனுமதி கிடைக்க ஒரு மணி நேரம் ஆனது. அதுவரை வாசலில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றான். பிறகு பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, உள்ளே மோந்து பார்த்தான்.

"எஸ்.எம்.பி.எஸ். போயிருச்சு," என்றான்.

"எங்க போயிருச்சு?" என்றார் வல்லரசு.

"எங்கயும் போவல அண்ணே. செத்துருச்சு. பிளக்குல வர்ற கரண்ட்டு நேரா கம்ப்யூட்டருக்கு ஆவாது. இந்தப் பெட்டிதான் அத மாத்தி உள்ள இருக்கறதுக்கெல்லாம் பிரிச்சுக் குடுக்கும். ஒரு ஜெம் கிளிப் குடுங்க, காட்டறேன்."

ஜெம் கிளிப் வழங்கல் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு கிளிப்பைக் கொடுத்தார் வல்லரசு. கோபி அதை வளைத்து, பச்சை ஒயருக்கும் கறுப்பு ஒயருக்கும் நடுவில் செருகினான். "உயிர் இருந்தா இந்தக் குட்டி ஃபேன் சுத்தணும். பாருங்க, சுத்தல."

"கிளிப்ப வளைச்சிட்டியே," என்றார் வல்லரசு. அவர் ஃபேனைப் பார்க்கவே இல்லை.

நிர்மல் கோபியைத் தனியே கூப்பிட்டான். "சீக்கிரம் ஆவணும் கோபி. வெள்ளிக்கிழமைக்குள்ள. எத வாங்கறது?"

"உங்க மிஷினுக்கு உள்ள நூறு வாட் இருந்தாப் போதும். நானூத்தம்பது வாட் பெட்டி தாராளம். நானூத்தம்பதுன்னா எப்பவும் நானூத்தம்பது இழுக்கும்னு நெனச்சிக்காதீங்க, அவ்ளோ வரைக்கும் தரமுடியும்னு அர்த்தம். அதுக்கப்புறம் ரேட்டிங் பாக்கணும். எய்ட்டி ப்ளஸ்னு ஸ்டிக்கர் இருக்கும். ஸ்போர்ட்ஸ் டேல மெடல் குடுக்கறாப்பல வெண்கலம், வெள்ளி, தங்கம், அதுக்கு மேலயும் இருக்கு. உள்ள நூறு வாட் தரணும்னா வெண்கலப் பெட்டி பிளக்குல இருந்து ஏறக்குறைய நூத்திப் பதினெட்டு இழுக்கும். பதினெட்டு சூடாப் போயிரும். தங்கம்னா அந்தச் சூடு இன்னும் கம்மி. ஸ்டிக்கர் இல்லாத லோக்கல் பெட்டி எவ்ளோ சூடாக்கும்னு அந்த ஆண்டவனுக்கே தெரியாது. உங்க மிஷின் ஒரு நாளைக்கு எவ்ளோ நேரம் ஓடும்?"

நிர்மல் யோசித்தான். "முக்கால் மணி நேரம்."

"அப்போ தங்கம் தண்டம். வெண்கலம் போதும்."

அன்று மாலை சொம்பில் சாய்ந்திருந்த த்ரிசலாவிடம் நிர்மல் இதையெல்லாம் விளக்கினான். கணக்கு டீச்சர் என்பதால் அவளுக்கு ஒரே தடவையில் புரிந்தது.

"நூறு வெளிய வர்றதுக்கு நூத்திப் பதினெட்டு உள்ள போவுது. பரவால்ல, நல்ல பெட்டிதான்," என்றாள். மோரை ஊற்றிக்கொண்டே மேலும் சொன்னாள்: "உங்களுக்கு எந்த ஸ்டிக்கரும் ஒட்ட முடியாதுங்க. உள்ள போனதெல்லாம் உள்ளயே சூடாயிகினு கெடக்குது. வெளிய ஒண்ணும் வர்றதில்ல."

"கம்ப்யூட்டர் ரெடியாவட்டும்னு பாக்கறேன்."

"கரண்ட்டு போனா பேனா எழுதாதா?"

அவள் தட்டில் நிஜமாகவே மோர்தானா என்று கேட்க நாக்கு வரை வந்தது, விழுங்கிக்கொண்டான்.

புதன்கிழமை கொள்முதல் குழு கூடியது. குழு என்றால் ராஜமாணிக்கம், வல்லரசு, பதிவேடு எழுதச் சந்திரம்மாள். மூன்று கடைகளின் விலைப்புள்ளிகள் மேசை மேல் இருந்தன. கோபியையும் வரச்சொல்லியிருந்தார்கள். நிர்மல் கதவோரம் ஒரு செருப்போடு நின்றான்.

ராஜமாணிக்கம் கோபியின் தாளை விரலால் தட்டினார். "தொண்ணூறுக்குப் பக்கம் கூட இல்ல. எண்பத்தஞ்சு சதவீதம்னு நீயே எழுதியிருக்கே. அப்போ நானூத்தம்பதுன்னு ஏமாத்தி முன்னூத்தி எண்பத்திரண்டு வாட்தான் தரப்போற."

"இல்ல சார். நானூத்தம்பதும் முழுசா தரும். பிளக்குல இருந்துதான் ஜாஸ்தி எடுத்துக்கும்."

ராஜமாணிக்கம் சந்திரம்மாளைப் பார்த்தார். "எழுதிக்குங்க. 'அரசு மின்சாரத்தை அதிகமாக எடுத்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டார்.'"

"நான் இல்ல சார், பெட்டி."

"'பெட்டியின் மீது பழி போட்டார்'னு அதையும் எழுதுங்க. தம்பி, நேராவே கேக்கறேன். நூறு வாட் கம்ப்யூட்டருக்குப் போவுது. நூத்திப் பதினெட்டு அரசாங்கம் குடுக்குது. நடுவுல அந்தப் பதினெட்டு வாட் யாரு எடுக்கறாங்க?"

"யாரும் எடுக்கல சார். சூடாப் போவுது."

"சூடு எங்க போவுது?"

"காத்துல."

"யாரு வீட்டுக் காத்துல?"

கோபி நிர்மலைப் பார்த்தான். நிர்மல் தன் ஒற்றைச் செருப்பைப் பார்த்தான்.

இரண்டாவது கடையின் தாளிலும் ஏறக்குறைய அதே அளவு இழப்பு இருந்தது. இரண்டு கடைக்காரர்களும் ஒரே மாதிரிச் சொல்வதே கூட்டுச் சதிக்கு ஆதாரம் என்று வல்லரசு கருத்துத் தெரிவித்தார். மூன்றாவது, ஸ்டிக்கர் இல்லாத பெட்டி. அதன் தாளில் விலையைத் தவிர ஒன்றுமே இல்லை. அதைப் படித்தபோது ராஜமாணிக்கத்தின் முகத்தில் ஏழு வருடத்தில் நிர்மல் பார்த்திராத ஒரு கனிவு வந்தது.

"பாருங்க. இவர் எந்த இழப்பையும் தெரிவிக்கல. முதல் ரெண்டு பேரும் ஒப்புக்கிட்ட குற்றவாளிங்க. இவர் நிரபராதி."

"சார், அது எவ்ளோ வீணாக்குதுன்னு எவனும் அளக்கலன்னு அர்த்தம்," என்றான் கோபி. "வீணாக்கறது அதுதான் ஜாஸ்தி. ஒளிச்சி வெச்சிருக்கு, அவ்ளோதான்."

"ஒளிச்சி வெக்கறதுக்குப் பேரு அடக்கம். அளந்து, ஸ்டிக்கர் போட்டு, ஊருக்கெல்லாம் சொல்றவனத்தான் நான் சந்தேகப்படுவேன். எங்க மையம் எவ்வளவு கோப்பை முடிக்குதுன்னு நாங்க எங்கயாவது ஸ்டிக்கர் ஒட்டியிருக்கோமா?"

கோபி தலையைச் சொறிந்தான். அவன் குரலில் கிண்டல் எதுவும் இருக்கவில்லை, தெரிந்துகொள்ளும் ஆசைதான். "இல்ல சார், தெரியாமத்தான் கேக்கறேன். இங்க நூறு கோப்பு உள்ள வந்தா எத்தன வெளிய போவும்?"

"நாலு," என்றார் ராஜமாணிக்கம் பெருமையாக. "அவ்வளவு கவனமா பாக்கறோம்."

"மிச்சம் தொண்ணூத்தாறு?"

"பரிசீலனையில் இருக்கு."

"அதான் சார் ரூமு இவ்ளோ சூடா இருக்கு," என்றான் கோபி.

சந்திரம்மாள் அதையும் எழுதினார். விதிப்படி அதுவும் அன்றே தீர்க்கப்பட்டாக வேண்டும். வல்லரசு எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவிட்டார்.

முடிவு நிபந்தனைகளோடு வந்தது. கோபி தன் வெண்கலப் பெட்டியை வியாழக்கிழமை சோதனைக்குப் பொருத்த வேண்டும். பதினெட்டு வாட் எந்த வழியாக வெளியே போகிறது என்று பண்டகக் காப்பாளர் கண்டறிவார். கண்டறிந்த பிறகு தகுந்த நடவடிக்கை.

வியாழக்கிழமை பத்து மணிக்குப் பெட்டி பொருத்தப்பட்டது. கணினி உயிர்பெற்றது. கோபி அடுத்த வேலைக்கு அடி அண்ணாமலை கிளம்பிப் போனான். மறுநாள் பௌர்ணமி, கிரிவலப் பாதைக் கடைக்காரர்கள் எல்லாருடைய கண்காணிப்புக் கேமராவும் முதல்நாள்தான் ரிப்பேர் ஆகும்.

வல்லரசு பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். முன்னால் கை வைத்தார். மேலே கை வைத்தார். பின்னால், சல்லடை போலத் துளைகள் இருந்த இடத்தில் கை வைத்தபோது அவர் முகம் மாறியது.

"சிக்கிருச்சு! இந்த வழியாத்தான் போவுது! வெதுவெதுன்னு போவுது!"

துணை இயக்குநர் வந்து கை வைத்துப் பார்த்தார். சந்திரம்மாள் வந்து கை வைத்துப் பார்த்தார். மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு துறையின் வரலாற்றில் இப்படிப்பட்ட நாள் அடிக்கடி வருவதில்லை.

"பட்டப்பகல்ல," என்றார் ராஜமாணிக்கம்.

பதினைந்து நிமிடத்தில் நடவடிக்கை எடுக்கப்பட்டது. வல்லரசு அந்தத் துளைகள் மேல் கெட்டியான காக்கிக் காகிதத்தை ஒட்டினார். மெழுகுவர்த்தியில் அரக்கைக் காட்டி, நான்கு மூலையிலும் சொட்டவிட்டு, மையத்தின் பித்தளை முத்திரையை அழுத்தினார். 'இழப்பு வெளியேறும் வழி அரசு ஆணைப்படி மூடப்பட்டது' என்று காகிதத்தின் மேல் எழுதிக் கையெழுத்திட்டார். இனி அந்தப் பதினெட்டு வாட் உள்ளேயே இருந்தாக வேண்டும். உள்ளே இருந்தால் கணினிக்குத்தான் பயன்பட்டாக வேண்டும்.

"சார், காத்து போவலன்னா..." என்று நிர்மல் ஆரம்பித்தான்.

"இன்னா?"

"ஒண்ணுமில்ல சார்."

அந்தச் சாதனை பற்றிய அறிக்கையை முதலில் தட்டச்சு செய்யச் சொன்னார்கள். நிர்மல் இருபது நிமிடத்தில் இரண்டு பக்கம் முடித்தான். எல்லாரும் டீ குடிக்கப் போனார்கள். அவன் அவசரமாகப் புதுப் பக்கம் திறந்தான். 'இதனால் சான்றளிக்கப்படுவது யாதெனில், திரு. த. நிர்மல் என்பவர் இம்மையத்தில்' என்று அடித்தான். 'பணிபுரி' வரை வந்திருப்பான். திரை கறுத்தது.

போனில் கோபி நிதானமாகச் சொன்னான்: "பயப்படாதீங்க, செத்துப் போவல. மூச்சு முட்டிருச்சு. ஜாஸ்தி சூடானா தன்னால நின்னுக்கும். அந்தக் காகிதத்தக் கிழிச்சிட்டு அரை மணி நேரம் ஆறவிடுங்க, திரும்ப வந்துரும்."

நிர்மல் காகிதத்தைப் பார்த்தான். நான்கு மூலையிலும் சிவப்பு அரக்கு பளபளத்தது. அரசு முத்திரையை விசாரணை இல்லாமல் உடைத்தால் வேலை போகும். அது ஒன்றுதான் அந்த மையத்தில் யாரும் சந்தேகப்படாத விஷயம்.

வெள்ளிக்கிழமை விசாரணை மூன்று மணிக்கு என்று வைத்தார்கள். பௌர்ணமி ஆனதால் கூட்டம் அதிகமாகுமுன் எல்லாரும் வீடு போய்ச் சேரவேண்டும்; வேலூர் பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். மேசை நடுவில் முத்திரையிட்ட பெட்டி. அதன் அருகே வளைந்த ஜெம் கிளிப், சான்றுப் பொருள் எண் இரண்டு. நிர்மலின் இடது செருப்பு, சான்றுப் பொருள் எண் மூன்று. விசாரணையின்போது போன்களை மேசை மேல் வைக்கவேண்டும் என்பதால் நிர்மலின் போனும் அங்கே படுத்திருந்தது. மையத்தின் கணினி ஓடாததால் சந்திரம்மாள் எல்லாவற்றையும் கையால் எழுதினார். அழகான, உருண்டையான எழுத்து. முத்திரை மை டப்பா அவர் கையெட்டும் தூரத்தில் திறந்திருந்தது.

ராஜமாணிக்கம் தொண்டையைச் செருமினார். "குற்றச்சாட்டு சுருக்கமா இதுதான். திங்கட்கிழமை பழைய பெட்டி செத்தது. பக்கத்துல இருந்தது நீ. வியாழக்கிழமை புதுப் பெட்டி நின்னது. பக்கத்துல இருந்தது நீ. பதினெட்டு வாட் வெளிய போற வழிய நாங்க அடைச்சிட்டோம். ஆனா அது கம்ப்யூட்டருக்கும் போவல. அப்போ அது யாருகிட்ட இருக்கு?"

"தெரியல சார்."

"சட்டப்பையக் காட்டச் சொல்லலாமா சார்?" என்றார் வல்லரசு.

"அவசரம் வேணாம். முறையா போவோம்." துணை இயக்குநர் நாற்காலியில் சாய்ந்தார். "என் சர்வீஸ்ல ஒரு உண்மைய கண்டுபுடிச்சிருக்கேன். எதுவும் வேணும்னு கேக்காதவன்தான் எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுப் போறவன். இந்த ஆள் ஏழு வருஷமா லீவு கேக்கல. அட்வான்ஸ் கேக்கல. ஒரு பேனா கூடக் கேக்கல. எனக்கு முதல் நாள்ல இருந்தே சந்தேகம். மனுஷன்னா ஏதாவது கேக்கணும். கேட்டா நான் சந்தேகப்படுவேன், அது வேற. ஆனா கேக்காம இருக்கறது அத விடப் பெரிய சந்தேகம்."

நிர்மல் தலை நிமிர்ந்தான். கேட்டால் சந்தேகப்படுவார் என்பதற்காகவே மூன்று வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தான். அந்த மூன்று வருடமும் அவர் அவனைச் சந்தேகப்பட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். விளாத்திகுளத்தில் ஒரு குக்கர் கூடுதலாகக் கூவியதைத் தவிர அந்த மௌனத்தால் யாருக்கும் எந்தப் பயனும் இல்லை.

மேசை மேல் போன் அதிர்ந்தது. சத்தமில்லாமல் இரண்டு அங்குலம் நகர்ந்து, முத்திரையிட்ட பெட்டியில் முட்டி நின்றது. திரையில் அவளுடைய பெயர்.

"யாரு அது?" என்றார் ராஜமாணிக்கம்.

"என் சம்சாரம் சார்."

வல்லரசு எட்டிப் பார்த்தார். சந்திரம்மாளும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எட்டிப் பார்த்தார். "இருக்காங்க," என்று மெதுவாகச் சொன்னார்.

"விசாரணை நேரத்துல எதுக்குக் கூப்பிடறாங்க?"

நிர்மலுக்குத் தெரியும். ஞாபகப்படுத்த மாட்டேன் என்று சொன்னவள் கடைசி நாளன்று பள்ளியிலிருந்து கூப்பிடுகிறாள். ஞாபகப்படுத்த மாட்டாள். சாப்பிட்டீங்களா என்று மட்டும் கேட்பாள். போன் அதிர்ந்து ஓய்ந்தது.

சுவர்க் கடிகாரம் மூன்று நாற்பது காட்டியது. வெளியே கிரிவலத்துக்குப் போகும் கூட்டத்தின் இரைச்சல் படியேறி வந்தது. சந்திரம்மாள் தாளின் அடியில் ஒரு கோடு போட்டு, கடைசி வரிக்காகப் பேனாவைத் தூக்கிப் பிடித்தார். ராஜமாணிக்கம் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, விதிப்படி கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்டார்.

"பதிவேட்டை முடிக்கும் முன்பு, கடைசியாக ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?"

இதுவரை அந்த மையத்தில் விசாரிக்கப்பட்ட எல்லாரும் இந்தக் கேள்விக்கு 'ஒன்றுமில்லை ஐயா' என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். சந்திரம்மாளின் பேனா அந்த 'ஒ'வை எழுதத் தாள் வரை இறங்கியும்விட்டது.

நிர்மல் ஃபேனைப் பார்த்தான். அது சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

"இருக்கு சார்," என்றான். குரல் அவனுக்கே புதிதாக இருந்தது. "மேடம், விதி பதினாலுப்படி ஒரு எழுத்து விடாம எழுதிக்குங்க. நான் இந்த ஆபீஸ்ல ஏழு வருஷமா வேலை செய்யறேன்னு ஒரு தாள் வேணும். கையால எழுதுனாப் போதும். அதுல உங்க கையெழுத்து வேணும் சார், முத்திரையும் வேணும், அஞ்சு மணிக்குள்ள வேணும். எதுக்குன்னு கேப்பீங்க. என் சம்சாரம் என்கூட வந்து இருக்கணும் சார். அதுக்குத்தான்."